பூசணம் பூத்த கருவாட்டைக் கழுவிச் சாப்பிடலாமா?

கேள்வி: நவம்பர் 9

அக்கா, நான் தொண்டிப் பக்கம். அடைமழையில் ஒரு வாரமாக நெத்திலி சரியாகக் காயவில்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கழுவி, வெயில் வந்ததும் ஒரு நாள் போட்டால் போதும் என்கிறார் அம்மா. பூஞ்சை விஷம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடித்துவிடும் என்று எங்கேயோ படித்தேன். காலம் காலமாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, எதை நம்புவது?

நவம்பர் 9, இரவு

முதலில் அந்த வெள்ளை உப்பா பூசணமா என்று பார்த்துவிடு. ஒரு மீனை எடுத்து, வெளுத்த இடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வை. உப்பென்றால் கண்ணெதிரே கரைந்து மீனின் வெள்ளித் தோல் தெரியும். பூசணமென்றால் கரையாது, நனைந்த பஞ்சு மாதிரி சுருண்டு படியும். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. உப்பு கட்டம் கட்டமாக மின்னும், பூசணம் நூல் நூலாக நிற்கும். முகர்ந்தும் பார். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டு வாடை அடித்தால் வேண்டாம்.

இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் அது பூஞ்சையே இல்லை, உப்பிலேயே வாழும் வேறொரு நுண்ணுயிர். மிளகுத்தூள் தூவிய மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் உப்பைத் தாங்கி வளரும் பூஞ்சை, வாலேமியா என்று பெயர். இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நவம்பர் 10

"ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சுக்கு வருகிறேன். எங்கள் அப்பத்தாவும் இதைத்தான் சொல்வார். கெட்ட மீனைத் தின்றால் அன்று ராத்திரியே வயிறு சொல்லிவிடும். பூஞ்சை நஞ்சு பெரும்பாலும் அப்படிச் சொல்லாது. ருசி மாறாது, வாடையும் இருக்க வேண்டும் என்பதில்லை. வருடக்கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்து வேலை செய்யும். பத்து வருடம் கழித்து ஒருவருக்கு ஈரலில் கட்டி வந்தால், யார் அதை அன்றைக்குத் தின்ற பூசணக் கடலையோடு முடிச்சுப் போடப் போகிறார்கள்? குழந்தைக்கு மாதம் ஒரு தடவை சளியும் பேதியும் வந்தால் "இவனுக்கு உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிவிடுகிறோம்.

இங்கே ஆகவில்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறவள். நாங்கள் தினமும் எடுக்கும் சாதாரணப் பரிசோதனையில் இந்தப் பாதிப்பு அகப்படாது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம், அவை செய்யும் வேலைதான் மந்தமாகியிருக்கும்.

நவம்பர் 10, கொஞ்சம் பிறகு

கழுவுவதைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கழுவினால் மேலே தெரியும் பூசணம் போகும். உள்ளே ஊறிய நஞ்சு போகாது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பெரும்பகுதி அப்படியே இருக்கும். அது சிதைய ஏறத்தாழ 260 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் குழம்புச் சட்டி நூறைத் தாண்டாது.

நவம்பர் 13

நேற்று மழை விட்டது. இன்று விடுப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நோய் என்னவென்று தெரியாமல் "எக்ஸ் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். தேடிப் போனால், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்திருந்தது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. அந்தப் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்துதான் அஃப்லடாக்சின் என்ற பெயர் வந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடி ஊர்களில், அறுவடை நேரத்தில் மழை பெய்து மக்காச்சோளம் பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாதவர்கள் அதையே தின்றார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோப்பும் வந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. 2004-ல் கென்யாவிலும் இதே கதை, இதே மக்காச்சோளம், 125 பேர்.

இவையெல்லாம் ஒரேயடியாக நிறையத் தின்றதால் வந்த சாவுகள். எனக்குக் கவலை அதைவிடக் குறைந்த அளவைப் பற்றியது. அஃப்லடாக்சின் ஈரலுக்குள் போனதும், நஞ்சை முறிக்க வேண்டிய நொதிகளே அதை இன்னும் கூர்மையான ஒரு வடிவமாக மாற்றிவிடுகின்றன. அது டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது, புரதங்களோடும் பிணைகிறது. செல் புதிய புரதம் செய்வது தடைபடுகிறது. எதிர்ப்பு மண்டலம் என்பதே அவசரத்துக்குப் புதிய செல்லும் புதிய புரதமும் செய்து தள்ளும் பட்டறைதானே. அதனால் அடி அங்கேயும் தெரிகிறது. விலங்குகளில், எதிர்ப்புச் செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சோம்பிப் போகின்றன.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். காம்பியா நாட்டுக் குழந்தைகளில், ரத்தத்தில் இந்த நஞ்சின் தடயம் இருந்தவர்களுக்கு எச்சிலில் இருக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தது. வாய், தொண்டை, குடல் என்று கிருமி நுழையும் வாசலிலெல்லாம் நிற்கும் காவல் அது. கானாவில் பெரியவர்களைப் பார்த்தபோது, நஞ்சு கூடுதலாக இருந்தவர்களின் எதிர்ப்பு மண்டலத்தின் கொல்லும் டி செல்களில், கிருமி புகுந்த செல்லைத் துளைக்க வேண்டிய பெர்ஃபோரின் குறைவாக இருந்தது. காவலுக்கு ஆள் நிற்கிறான், கையில் ஆயுதம் இல்லை.

நவம்பர் 14

பூசணம் பிடித்த தானியத்தைக் கோழிக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்தபோது அம்மா இருபது நாட்டுக்கோழி வைத்திருந்தார். நனைந்து பச்சை பூத்த கம்பை "மனுஷருக்கு ஆகாது, கோழிக்கு ஆகும்" என்று ஒரு மாதம் போட்டார். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து முறையாகக் கொடுத்திருந்தோம். அப்படியும் நோய் வந்தபோது பதினாறு கோழி போய்விட்டன. பக்கத்து வீட்டில் அதே நாளில், அதே மருந்து போட்டவை பிழைத்தன.

பூசணத் தீவனம் தின்ற கோழிக்குத் தடுப்பு மருந்து சரியாகப் பிடிக்காது என்பது கால்நடை மருத்துவத்தில் தெரிந்த விஷயம். மருந்தைப் பார்த்து எதிர்ப்புப் பொருள் செய்ய வேண்டிய உறுப்புகளே சுருங்கிப் போயிருக்கும். அன்றைக்கு அம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னும் அந்தக் கூடை கண்ணில் நிற்கிறது.

நவம்பர் 17

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

என் தம்பிக்கு ஆறு வருடத்துக்கு முன் மதுரையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவர் அம்மா. அன்றிலிருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று, தவறாமல் மைக்கோஃபீனோலேட் என்ற மாத்திரை விழுங்குகிறான். அந்த மருந்தின் பிறப்பைத் தேடிப் போனபோதுதான் எனக்குப் பூஞ்சையின் மேல் பயத்தோடு மரியாதையும் வந்தது.

1893-ல் இத்தாலியில் பார்த்தொலொமேயோ கோசியோ என்ற மருத்துவர், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். ஏழை விவசாயிகளுக்கு வந்த பெல்லாக்ரா நோய்க்கு அதுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். (அது வைட்டமின் குறைவால் வருவது என்பது பிறகு தெரிந்தது.) பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து அவர் ஒரு படிகத்தைப் பிரித்தார். ஆந்த்ராக்ஸ் கிருமியை அது வளரவிடவில்லை. பெனிசிலினுக்கு 35 வருடம் முந்தைய வேலை இது. அந்தப் படிகம்தான் மைக்கோஃபீனாலிக் அமிலம். நூறு வருடம் கழித்து, 1995-ல், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அது செய்வது இதுதான். டி செல்லும் பி செல்லும் பெருகுவதற்கு டி.என்.ஏ. செய்யச் சரக்கு வேண்டும். மற்ற செல்கள் பழைய சரக்கைத் திருப்பிப் பயன்படுத்திச் சமாளித்துக்கொள்ளும். இவை இரண்டும் பெரும்பாலும் புதிதாகச் செய்தே ஆக வேண்டியவை. புதிதாகச் செய்யும் அந்த வழியைத்தான் இந்த மருந்து அடைக்கிறது. அதனால் என் தம்பியின் உடம்பு அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று எதிர்த்துப் படை திரட்ட முடிவதில்லை.

எதிர்ப்பு மண்டலத்தைப் பூஞ்சை அடிக்குமா என்று கேட்டாயே, தொண்டித் தம்பி. அந்த அடியை அளந்து, தினமும் இரண்டு வேளை கொடுத்துத்தான் என் தம்பியை உயிரோடு வைத்திருக்கிறோம். பூசணம் பிடித்த சாக்கில் அளவு பார்க்க யாரும் இல்லை.

அவன் கூடச் சாப்பிடும் டாக்ரோலிமஸும், முன்பு எல்லோரும் சாப்பிட்ட சைக்ளோஸ்போரினும் பூஞ்சையிலிருந்து வந்தவையே.

நவம்பர் 18

நேற்றைய கடைசி வரியில் பாதி தப்பு. சைக்ளோஸ்போரின் பூஞ்சையிலிருந்து வந்தது. நார்வே நாட்டுப் பீடபூமி ஒன்றிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்ணில் கிடைத்த பூஞ்சை அது. டாக்ரோலிமஸ் ஜப்பானில் மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. பூஞ்சை இல்லை. என் தம்பியே படித்துவிட்டுப் போன் போட்டுத் திருத்தினான்.

நவம்பர் 23

கருப்புப் பூஞ்சையும் இதுதானா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு மூக்கையும் கண்ணையும் தின்றது பூஞ்சையே உடம்புக்குள் வளர்ந்து வந்த நோய். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் வழிவிட்டன. சாப்பாட்டில் வரும் நஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

டிசம்பர் 2

மேலே எழுதியதை அவசரத்தில் எழுதிவிட்டேன். சாப்பாட்டு நஞ்சு இல்லை என்பது சரி. நஞ்சே இல்லை என்று தோன்றும்படி சொன்னது தப்பு. அந்தப் பூஞ்சை மியூக்கோரிசின் என்று ஒரு நஞ்சை விடுவதாக அதே 2021-ல் கண்டுபிடித்தார்கள். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினைப் போன்றது, ரத்தக் குழாயைப் பிளந்து திசுவைச் சாகடிக்கும். நுரையீரலில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸும் அப்படித்தான். கிளையோடாக்சின் என்ற ஒன்றை விட்டு, தன்னை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்களையே முடக்குகிறது. ஆக, பூஞ்சைக்கு நஞ்சு என்பது தன்னைக் காத்துக்கொள்ளும் ஆயுதமும்தான்.

டிசம்பர் 5

பரமக்குடிப் பக்கம் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், பழைய சாக்கைப் பிரித்தாலே இருமலும் தும்மலும் நிற்பதில்லை என்கிறார். "எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?" என்கிறார்.

அண்ணே, இது நேர் எதிர்த் திசை. சாக்கிலிருந்து பறக்கும் பூஞ்சை வித்தைப் பார்த்து உங்கள் உடம்பு தேவைக்கு மேல் சண்டை போடுகிறது. அதுதான் ஒவ்வாமை. மிளகாய் நெடி வேறு சேர்ந்துகொள்கிறது. மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் முகக்கவசம் போடுங்கள், துண்டு போதாது. இளைப்பு வந்தால் நெஞ்சு மருத்துவரிடம் சாக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். "ஆஸ்துமா" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

டிசம்பர் 20

இந்த இழையில் நான் சொல்ல நினைப்பதன் நடு இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். பூசணம் பிடித்ததைப் பொறுக்கிக் கழிக்கிறோம் சரி, கழித்தது எங்கே போகிறது?

நிலக்கடலையில் இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. நூறு பருப்பு சுத்தமாக இருக்கும். சுருங்கி, நிறம் மாறி, கசக்கும் ஒரே பருப்பில் மொத்த நஞ்சும் உட்கார்ந்திருக்கும். அதனால் கையால் பொறுக்குவது உண்மையிலேயே நல்ல வைத்தியம். எங்கள் அம்மாச்சி முறத்தில் புடைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தது வெறும் ருசிக்காக இல்லை.

ஆனால் தள்ளிய பருப்பு மலிவாக விலை போகிறது. சில செக்குகளில் அதுவும் அரைபடுகிறது. சுத்திகரித்த எண்ணெயில், காரப்பொருள் (எரிசோடா) சேர்த்துச் சுத்தம் செய்யும்போது நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை, கொஞ்சம் எண்ணெயிலேயே தங்கும். மரச்செக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் அதுதான் வாங்குகிறோம். என்ன பருப்பு போடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். மிச்ச நஞ்சு பிண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகிறது. மாடு அதை அஃப்லடாக்சின் எம்1 ஆக்கிப் பாலில் விடுகிறது. அந்தப் பால் யாருக்கு? எதிர்ப்பு மண்டலம் இன்னும் கட்டி முடியாத குழந்தைக்கு. பாலில் எம்1 அளவுக்கு இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 0.05.

மிளகாயிலும் இதே கணக்கு. ஐரோப்பாவுக்குப் போகும் மிளகாயில் மொத்த அஃப்லடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நமக்கு மசாலாப் பொருட்களில் 30 வரை. அங்கே தேறாதது கடலில் கொட்டப்படுவதில்லை. போன வருடம் ஒரு மாவு மில்லில், நனைந்து கருத்த வத்தலைத் தனியாக மூட்டை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு "தூளானால் என்ன தெரியப் போகிறது" என்றார் அங்கே நின்றவர். அன்றிலிருந்து கடையில் தூள் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 21

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மா பயந்துபோய் எழுதியிருக்கிறார், பிள்ளைக்கு நேற்றுக்கூடக் கடலை மிட்டாய் கொடுத்தாராம். பயப்படாதீர்கள் அம்மா. ஒரு நாள் கடலை மிட்டாயில் யாருக்கும் காவல் இடிந்துவிடாது. வருடம் முழுக்க ஒரே கெட்ட சரக்கு, அதுவும் வேறு சத்துணவு இல்லாத வயிற்றில், என்றால்தான் ஆபத்து. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து இந்த நஞ்சோடு சேரும்போது பல மடங்கு ஏறும். பிள்ளைக்கு அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிற காரியம்.

ஜனவரி 8

கருப்பட்டி பற்றி: சாயல்குடிப் பக்கம் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில்தான் வைப்பார்கள். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. கேஸ் அடுப்பு வந்ததும் பரண் போனது, கருப்பட்டி கசிந்து பூக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூத்ததைச் சுரண்டிச் சாப்பிட வேண்டாம்.

பிப்ரவரி 26

களத்தில் வத்தல் விழ ஆரம்பித்துவிட்டது. எங்களுடையது முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரத்துக் குண்டு. இது காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கு. உள்ளே விதை கலகலவென்று ஆடினால் காய்ந்தது. சத்தம் மொத்தையாக வந்தால் விதையும் சதையும் இன்னும் ஒட்டியிருக்கிறது. அப்படியே சாக்கில் கட்டினால் நடுவில் வேர்த்து, காம்படியிலிருந்து பூசணம் ஏறும். பிளந்து பார்த்தால்தான் தெரியும். வெளியே தோல் சிவப்பாக, பளபளப்பாகவே இருக்கும். உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும்.

வெறுந்தரையில் கொட்டாதீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ் மண்ணில்தான் குடியிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் மூடிவிடுங்கள். நம் கரையில் ராத்திரிக் காற்றே ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பகலில் முறுமுறுவென்று இருந்த கருவாடு காலையில் நசநசவென்று இருப்பது அதனால்தான். தம்பி, உன் நெத்திலிக்கும் இதுவே பதில். காய்ந்த சூடு ஆறியதும், காற்று ஈரமாவதற்கு முன் டப்பாவில் போட்டு மூடு.

ஏப்ரல் 11

இன்னும் நாலு நாளில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் கருவாடுதான். தொண்டித் தம்பி படம் அனுப்பியிருந்தான். அந்த முதல் நெத்திலியில் சொட்டு வைத்துப் பார்த்ததில் கால்வாசி உப்பு, முக்கால்வாசி பூசணம். அன்றைக்கே கொட்டிவிட்டதாகச் சொன்னான். அவன் அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். இப்போது போட்டிருக்கும் காரலும் வாளையும் மூங்கில் பந்தலில், தரைக்கு இரண்டடி மேலே காய்கின்றன. பந்தல் போட்டது அந்த அம்மாதான்.

எங்கள் களத்தில் இந்த வருடம் கழித்தது மூன்றரைக் கிலோ. வாங்குகிறவர் வந்து விலை கேட்டார். அம்மா தரவில்லை. கோழிக்கும் போடவில்லை. கொல்லையில் தென்னைக்குத் தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, கொட்டி, மண்ணை மிதித்து மூடினார். என் தம்பி விடுமுறைக்கு வந்திருக்கிறான். நல்ல வத்தலைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறான், மதுரைக்குக் கொண்டுபோக.